திறந்த பிறகு சொல்லும் வால்வு

எங்கள் தெருவில் அவரிடம் மட்டும் யாரும் "வந்துட்டேன்" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். நானே எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன்.

"எங்க வந்துட்டீங்க அண்ணே?" என்பார் போனில்.

"இதோ கிளம்பிட்டேன் பாய்."

"கிளம்பிட்டீங்களா, கிளம்பப் போறீங்களா?"

"சட்டை மாட்டிக்கிட்டிருக்கேன்."

"அப்ப அதைச் சொல்லுங்களேன். சட்டை மாட்டுறேன்னு சொன்னா நான் என்ன உங்களை அடிக்கவா போறேன்?"

அவருடைய கட்சி இதுதான். நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகச் சொல்வது நம் ஊர்ப் பேச்சில் ஊறிப்போன பொய். டீக்கடையில் "கொண்டு வந்துட்டேன் சார்" என்பான். பால் அப்போதுதான் அடுப்பில் ஏறும். தையல்காரர் "தச்சாச்சு" என்பார். துணி இன்னும் பையை விட்டு வெளியே வந்திருக்காது. அவர் சொன்ன பிறகு ஒரு நாள் நானும் காது கொடுத்து எண்ண ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் பதினொன்று. அதில் நான்கு நான் சொன்னது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"நடக்கப் போறதுக்கு இன்ஷா அல்லாஹ் இருக்கு. நடந்து முடிஞ்சதுக்கு அல்ஹம்துலில்லாஹ் இருக்கு. நடுவுல இந்த 'வந்துட்டேன்' எங்கேருந்து வந்துச்சு?" என்று வாசலில் நின்று கையை விரிப்பார். அவருடைய மனைவி உள்ளேயிருந்தே பதில் சொல்வார்: "நீங்க கேக்காதீங்க அண்ணே. கல்யாணத்தன்னிக்கு சம்மதமான்னு கேட்டதுக்கு, 'இருங்க, இன்னும் யோசிச்சு முடிக்கல'ன்ன மனுசன் இவரு."

அவர் பிரான்ஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. தெருவுக்கு நாலு வீட்டில் பிரான்ஸ் உண்டு. ஆனால் அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. கேட்டால் "ஷோஃபாஜ்" என்பார். வீட்டைச் சூடாக்குகிற வேலைக்குப் பிரெஞ்சில் அப்படிப் பெயராம். தெருவில் அது சோப்பாஜ் ஆகி, சோப்பு ஆகி, அவர் ஏதோ சோப்புக் கம்பெனியில் இருந்தவர் என்று நிலைத்துவிட்டது. ஒரு அம்மாள் அவரிடம் துணிக்கறைக்கு வழி கேட்டதை நானே பார்த்தேன். சித்திரை மாதத்தில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது, வீட்டைச் சூடாக்கும் தொழில் என்று சொன்னால் காரைக்காலில் யார் நம்புவார்கள்?

அவர் வீட்டு ஷோகேஸில் செண்டு பாட்டில்களுக்கு நடுவில் ஒரு வால்வு இருந்தது. கீழே பித்தளை உடம்பு, மேலே சின்ன டிபன் டப்பா அளவில் ஒரு இரும்புத் தலை, தலையிலிருந்து தொங்கும் ஐந்து ஒயர்கள். புதிதாக யார் வந்தாலும் முதலில் டீ, பிறகு வால்வு. அங்கே வீட்டின் நிலவறையில் ஒரு பாய்லர் தண்ணீரைக் காய்ச்சும். அந்த வெந்நீர் குழாய் வழியே அறை அறையாகப் போய்ச் சுவரோரத்து இரும்பு ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். எல்லா அறைக்கும் எல்லா நேரமும் சூடு தேவையில்லை என்பதால் வீட்டைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வால்வும், எவ்வளவு சூடு வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஒரு தெர்மோஸ்டாட்டும் வைப்பார்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஒயரை பிளக்கில் செருகுவார். தலைக்குள் "ஙொய்ங்" என்று ஒரு முனகல். பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் நத்தை மாதிரி நகரும். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். அது கடைசி வரைக்கும் போய் நின்றதும், அவர் அதோடு இணைத்திருந்த ஒரு குட்டி சிவப்பு பல்பு பளிச்சென்று எரியும்.

"பாத்தீங்களா!" என்று குதிப்பார். எத்தனையாவது தடவையாகக் காட்டினாலும் குதிப்பார். "முழுசா தொறந்த பிறகுதான் சொல்லுது! பாதி தொறந்துட்டு 'தொறந்துட்டேன்'ங்குதா? ரெண்டு ஒயரு தொறக்கறதுக்கு. ரெண்டு ஒயரு தொறந்தாச்சுன்னு பாய்லருக்குச் சொல்றதுக்கு. இன்னொண்ணு எர்த்து. அது சொன்னாத்தான் பாய்லரு பத்தும். நம்ம ஆளுங்க மண்டையிலயும் இப்படி ரெண்டு ஒயரு வச்சிருந்தா நாடு எங்கியோ போயிருக்கும்."

இந்தப் பிடிவாதம் எப்போது தொடங்கியது என்று ஒருமுறை கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வீட்டில், முதலாளி மேல்மாடியிலிருந்து "முடிந்ததா?" என்று கேட்டிருக்கிறார். இவர் "முடிந்தது" என்றிருக்கிறார். கையில் கடைசி மூட்டு இறுக்காமல் இருந்தது. இதோ இறுக்கிவிடப் போகிறோம் என்ற எண்ணம். முதலாளி தண்ணீரைத் திறந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்களின் படுக்கை, தரைவிரிப்பு, ஒரு பியானோ எல்லாம் நனைந்தன. "அந்த ஆளு என்னைத் திட்டவே இல்ல அண்ணே. மாப்பு ஒண்ணு கையில குடுத்தாரு. துடைச்சுக்கிட்டே யோசிச்சேன். வாய் பிரெஞ்சு பேசிச்சு, மனசு தமிழ்ல நெனச்சிருக்கு."

எல்லா இடத்திலும் அவர் ஜெயித்தார் என்று நினைக்க வேண்டாம். காரைக்கால்மேட்டில் ஒரு மீன்காரம்மா அவருக்கு வாடிக்கை. ஒரு விடியலில் அந்த அம்மா போன் செய்து "படகு வந்துடுச்சு பாய், ஓடியாங்க" என்றது. என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். போய்ப் பார்த்தால் கரையில் காக்கைகளும், வலை பிரித்துக்கொண்டிருந்த மூன்று பேரும்தான்.

"எங்கம்மா படகு?"

"அதோ."

அந்த அம்மா காட்டிய திசையில் கடல்தான் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி.

"அது வந்துடுச்சா? அது வந்துக்கிட்டிருக்கு!"

"பாய், கடலுக்குப் போன படகு கண்ணுல பட்டுட்டா எங்களுக்கு வந்த மாதிரிதான். கரைக்கு வந்தப்புறம் சொன்னா மீனு உங்களுக்கா மிஞ்சும்?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். படகு கரை சேர்ந்ததும் முதல் ஆளாகப் போய் மீன் வாங்கினார். திரும்பும் வழியில், வண்டியை ஓட்டியபடி, "அந்தம்மா சொன்னது வேற கணக்கு அண்ணே, அதை எதிர்த்துப் பேச முடியாது" என்று மட்டும் சொன்னார்.

சரி, அந்த டிசம்பர் மதியத்துக்கு வருகிறேன்.

என் மகள் பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், பனி கொட்டும் ஊரில் இருக்கிறாள். பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியிருந்தார்கள். குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. பிரசவத்துக்கு உதவியாகச் சம்பந்தியம்மா திருமலைராயன்பட்டினத்திலிருந்து போயிருந்தார். அந்த வீட்டுக்கு இரண்டு வால்வு: ஒன்று கீழே சமையலறைக்கு, ஒன்று மேலே படுக்கும் அறைகளுக்கு. மேல் வால்வு செத்துப்போனது. மருமகன் புது வால்வுத் தலை ஒன்றை வாங்கி வைத்துவிட்டு வேலையாக வெளியூர் போனார். பனியில் ரயில் நின்று அங்கேயே மாட்டிக்கொண்டார். பழுது பார்க்கிறவர்கள் பண்டிகை விடுமுறை முடிந்துதான் வருவோம் என்றுவிட்டார்கள். மூன்று உயிரும் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கும் மேஜைக்கும் நடுவில் மெத்தை போட்டுப் படுத்திருந்தன. குழந்தைக்கு மூக்கடைப்பு. பால் குடிக்க முடியாமல் அது திணறுவதை நான் போனில் பார்த்தேன். பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவினார். "போனைக் குடுங்க. ஜன்னலைச் சாத்துங்க. ஃபேனை நிறுத்துங்க."

கீழவாஞ்சூருக்குப் போகிற லாரிகளின் இரைச்சல் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல். காற்றுச் சத்தம் கூடாது என்று ஃபேன். போனை ஷோகேஸில் சாய்த்து வைத்தார். வால்வை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் வியர்வை வழிந்தது. திரையில் என் மகள் கம்பளிக்குமேல் கம்பளி போட்டு, நிலவறையில், நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு நின்றாள். வாயிலிருந்து புகை வந்தது.

"மாமா, மேல, கீழ ரெண்டு தெர்மோஸ்டாட்டையும் சைபர்ல வச்சுட்டேன். பழசக் கழட்டலாமா?"

"தொடாதே! தெர்மோஸ்டாட்டு நின்னா பழுப்பு ஒயர்லதான் கரண்டு நிக்கும். சாம்பல் கலர்ல ஒண்ணு இருக்கு பாரு, அது பாய்லருக்குச் சேதி சொல்றது. அதுல எப்பவும் கரண்டு இருக்கும். எறநூத்து முப்பது வோல்ட்டு. மெயினை இறக்கணும். மெயினு எங்க?"

"மாடிப்படிகிட்ட. அத்தை மேலதான் இருக்காங்க." அவள் திரும்பிக் கத்தினாள். "அத்தை! மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

மேலேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "பண்ணிட்டேம்மா!"

மகள் திருப்புளியை எடுத்து சாம்பல் ஒயர் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். நான் அந்த ஐந்து ஒயரை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"கைய எடு!"

அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடிவந்தார். திரையில் மகள் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டாள்.

"பம்பு ஓடுது! கேக்குதா? மெயினு இறங்கினாத்தான் தண்ணி தள்ளற பம்பு நிக்கும். இது ஓடிக்கிட்டே இருக்கு!"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகள் அசையாமல் நின்றாள். அவளுக்குக் கேட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மேலே எங்கோ "டக்" என்றது. அப்போதுதான், நின்ற பிறகுதான், அதுவரை ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"ஆஃப் பண்ணிட்டேம்மா!" என்று மறுபடியும் சம்பந்தியம்மா.

"முதல்லயே பண்ணிட்டேன்னீங்களே அத்தை!"

"புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நடந்து வர வேணாமா? வந்துக்கிட்டே சொன்னேன். அதுக்குள்ள என்ன கொள்ளை போவுது?"

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. போனுக்குப் பக்கத்தில் போய், தணிந்த குரலில், "சம்பந்தியம்மா, நான் பாய் பேசறேன். இனிமே நீங்க எங்க நிக்கிறீங்க, கை எங்க இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க. பண்ணினதை நான் கேட்டுக்கறேன்" என்றார்.

டெஸ்டரை எடுத்து ஐந்து திருகிலும் வைத்துப் பார்க்கச் சொன்னார். எதிலும் விளக்கு எரியவில்லை. பிறகுதான் பழைய தலையின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே இடத்தில் புதுத் தலையின் ஒயரை மாட்டச் சொன்னார்.

"பாய், அஞ்சு ஒயரை அஞ்சு துளையில நூத்தியிருபது விதமா மாட்டலாம். ஒண்ணுதான் சரி" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, நீங்க வாயை மூடிக்கிட்டு எண்ணுங்க."

மஞ்சள்பச்சை முடிந்தது. நீலம் முடிந்தது.

"சாம்பலை மாட்டிட்டேன் மாமா."

"இழுத்துப் பாரு."

இழுத்தாள். ஒயர் கையோடு வந்துவிட்டது. இரண்டு பேரும் திரையின் இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மறுபடியும் செருகி, திருகி, இழுத்து, போனுக்குக் காட்டினாள்.

மிச்சம் இரண்டு. பழுப்பு, ஆரஞ்சு. பழுப்பு வழியாக வால்வு திறக்கும். ஆரஞ்சு வழியாகப் பாய்லருக்குச் சேதி போகும். இடம் மாறினால் வால்வு யார் சொல்லை எப்போது கேட்கும் என்றே தெரியாது. நெற்றி விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அவர் திரையில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"இடது கையில வச்சிருக்கறது ஆரஞ்சு. பாத்துட்டேன். மாட்டு."

"இல்ல மாமா. அது பழுப்பு."

"நான் எத்தனை வருசமா பாக்கறேன்! ஆரஞ்சுதான். பாத்துட்டேங்கறேன்ல?"

"பாத்துட்டீங்களா, பாக்கப் போறீங்களா?"

ஊரில் இருந்த நாளில் அவளும் அவரிடம் மாட்டியவள்தான். அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். நல்ல வெளிச்சத்தில் பார்க்க மகளால் இரண்டு ஒயரையும் படியேறி எடுத்துப்போக முடியாது. ஆனால் வால்வுத் தலையைத் திருப்பி, தலைக்குள்ளிருந்து அந்த ஒயர் எங்கே புறப்படுகிறது என்று காட்டினாள். வால்வைத் திறக்கும் மோட்டாரிலிருந்து புறப்பட்டது. பழுப்புதான்.

அவர் தன் மடியிலிருந்த வால்வைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "போன்ல கலர் மாறித் தெரியுது" என்றார். மறுபடியும் குனிந்து பார்த்துவிட்டு, "இல்ல. நான்தான் சரியா பாக்காம பாத்துட்டேன்னுட்டேன். நீ சொல்றதுதான் சரி" என்றார்.

அவள் மாட்டினாள். இரண்டையும் இழுத்துக் காட்டினாள். மூடியை மூடினாள்.

"சம்பந்தியம்மா!"

"சொல்லுங்க பாய். மெயினுக்கு முன்னாடி நிக்கிறேன். புள்ளை எடது தோள்ல. வலது கை காலியா இருக்கு. இன்னும் போடல. போடவா?"

"போடுங்க."

டக். எங்கோ தொலைவில் பம்பு முனகியது. இப்போது எனக்கும் கேட்டது. மகள் படியேறி ஓடினாள். மேல் அறைத் தெர்மோஸ்டாட்டை மட்டும் திருப்பிவிட்டு, மூச்சிரைக்க இறங்கி வந்து போனை வால்வுக்கு நேராகப் பிடித்தாள். ஙொய்ங். அந்தச் சின்ன நெம்புகோல் அசைந்தது. காரைக்காலில் மூன்று பேர், பிரான்ஸில் ஒருத்தி, நால்வரும் அதையே பார்த்தோம். பாதி. முக்கால். அவர் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. அது கடைசிவரை போய் நின்றது. ஒன்றுமே நடக்கவில்லை. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, எதை எண்ணுகிறேன் என்று தெரியாமல் நிறுத்தினேன்.

பிறகு நிலவறையின் அந்த மூலையில் "பூ" என்று பாய்லர் பற்றிக்கொண்டது.

மகள் கத்தினாள். நானும் கத்தினேன். அவர் மனைவி "யா அல்லா!" என்றார். அவர் மட்டும் எங்களைக் கை காட்டி அடக்கினார். "இருங்க, இருங்க. மேல ரேடியேட்டரு என்ன சொல்லுது? சம்பந்தியம்மா, கைய வச்சுப் பாருங்க. சுடுதா?"

சம்பந்தியம்மா மேலறைக்குப் போய் அங்கிருந்து குரல் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இன்னும் சுடல பாய். அடியில குழாய் மட்டும் வெதுவெதுன்னு இருக்கு." அந்த அம்மாவும் எவ்வளவு கவனமாகப் பேசினார்! "இப்ப கால்வாசி ஏறியிருக்கு... இப்ப பாதிக்குக் கொஞ்சம் மேல... பாய், மேல் விளிம்புல கைய வச்சிருக்கேன். சுடுது. எடுத்துட்டேன், சுடுது!"

அவர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்."

ஒரு மணி நேரம் கழித்துப் போனை மேலறைக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலில் குழந்தையைப் படுக்க வைத்து, சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகக் கழற்றினார். சால்வை, மேல்சட்டை, இரண்டாவது மேல்சட்டை. கடைசியாகக் குல்லாய். அத்தனை நாளும் போனில் நான் பார்த்தது ஒரு மூக்கும் இரண்டு கன்னமும்தான். பேரனுக்குத் தலை நிறைய முடி. வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கால் இரண்டையும் உதைத்துக்கொண்டிருந்தான்.

"மூடும்மா, மூடு!" என்று அவர் பதறி எழுந்தார். "தெர்மோஸ்டாட்டைப் பாரு, பதினேழுதான் ஆகியிருக்கு. பத்தொம்பது ஆகட்டும்!"

மகள் குல்லாயை எடுத்தாள். அவள் மாட்டுவதற்குள் அந்தத் தலையை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.